உழுந்து விதையில் தொடங்குங்கள், பிறகு நெல்லுக்கு வரலாம்

தம்பி, உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்டது இப்படி. டயட்டம் மண் தூளை இறக்குமதி செய்து, சேமித்து வைக்கும் தானியத்துக்கான பூச்சிக்கொல்லியாக யாழ்ப்பாணத்தில் விற்கப் பார்க்கிறீர்கள். அளவு ஒரு கிலோ தானியத்துக்கு ஒரு கிராம். 100 கிராம் பக்கெற் 300 ரூபா வரும். முதல் வருடம் நெல் ஆலைக்காரரையும் பெரிய யாவாரிகளையும் பிடிப்பது, அடுத்த வருடம் உரக்கடைகளுக்கு இறங்குவது என்று திட்டம் போட்டிருக்கிறீர்கள். எங்கே சறுக்கும் என்று கேட்டீர்கள்.

முதல் படியிலேயே சறுக்கும். சுன்னாகம் பக்கம் உரக்கடை ஒன்றில் இருபது வருடத்துக்கு மேல் நின்றவன் என்ற உரிமையில் நேராகவே சொல்கிறேன்.

உங்கள் தூள் எப்படி வேலை செய்கிறது என்பதை வைத்தே யாருக்கு விற்கலாம் என்று தீர்மானிக்க வேண்டும். டயட்டம் என்பது தண்ணீரில் வாழும் நுண்ணிய பாசி. அதன் ஓடு சிலிக்காவால் ஆனது. செத்த பாசியின் ஓடுகள் நீரடியில் படிந்து படிந்து மண்ணாகி, அதைத் தோண்டி அரைத்தால் இந்தத் தூள். வண்டு அதன்மேல் ஊர்ந்து போகும்போது உடம்பை மூடியிருக்கிற மெழுகுப் படையைத் தூள் உறிஞ்சி, உராய்ந்து எடுத்துவிடும். பிறகு உடம்பின் ஈரம் வெளியேறி, வண்டு காய்ந்து சாகும். நஞ்சு என்று ஒன்றும் இல்லை. அதனாலேயே மூன்று குறைகளும் கூட வருகின்றன. சாவு உடனே வராது, நாட்கள் எடுக்கும். தானியம் ஈரமாக இருந்தால் வேலை மந்தப்படும். தானியத்தின் மேல் தூசி தெரியும்.

இப்போது ஆலைக்காரரிடம் போங்கள். அவர் நெல்லைக் கையில் அள்ளி, விரலால் உருட்டிப் பார்த்து விலை சொல்கிறவர். தூள் போட்ட நெல் வழுக்கி ஓடாது, கொஞ்சம் சொரசொரப்பாக நிற்கும். அதே சாக்கில் நிறையும் குறையப் பிடிக்கும், ஏனென்றால் மணிகள் நெருங்கிப் படியாது. ஆலைக்காரருக்கு அது தூசி நெல். விலையில் வெட்டுவார், இல்லாவிட்டால் இயந்திரம் தேயும் என்று சொல்லித் திருப்பி அனுப்புவார். அதைவிட, ஆலையில் நெல் தங்குவதே குறைவு. வாங்கி, அவித்து, குத்தி, விற்கிறவருக்கு ஆறு மாதப் பாதுகாப்பு எதற்கு? பெருமளவில் வைத்திருக்கிற களஞ்சியக்காரர் படங்கு மூடிப் புகையூட்டுகிறவர். மூன்று கிராம் அலுமினியம் பொஸ்பைட் குளிசை ஒன்று ஒரு கிராம் பொஸ்பீன் வாயுவை விடும். அது மணிக்குள் இருக்கிற புழுவையும் கொல்லும். உங்கள் தூளால் மணிக்குள் போக முடியாது. அந்தச் சண்டைக்கு நீங்கள் போக வேண்டாம்.

(இடையில் ஒரு வார்த்தை. அந்தக் குளிசையை வீட்டு அறையில் நெல் மூட்டைக்குள் போடுகிற ஆட்களையும் கண்டிருக்கிறேன். பொஸ்பீன் உடம்புக்குள் போனால் அதை முறிக்கிற மருந்து கிடையாது. யாராவது உங்களிடம் "அதையும் சேர்த்துக் கொண்டுவந்து தாரும்" என்று கேட்டால் மாட்டேன் என்று சொல்லுங்கள்.)

அப்ப யாருக்கு விற்பது? உழுந்து, பயறு, கௌபி விதையை வீட்டில் வைத்திருக்கிறவருக்கு.

யாழ்ப்பாணத்தில் பெரும்பாலான வயல் மழையை நம்பிய காலபோகம். தை, மாசியில் அறுவடை. வெட்டின வயலில் மிச்ச ஈரத்துக்கு உழுந்தும் பயறும் எள்ளும் எறிகிறவர்கள் உண்டு. வன்னிப் பக்கம் காலபோகத்திலேயே மேட்டுக் காணிகளில் உழுந்து பெரிய அளவில் போகும். எப்படியோ, அடுத்த விதைப்புக்கு எடுத்து வைக்கிற பத்து, இருபது கிலோ விதை புரட்டாதி, ஐப்பசி வரை வீட்டில்தான் இருக்கும். அந்த மாதங்களில்தான் பயறு வண்டு வேலை காட்டும்.

இந்த வண்டைக் கொஞ்சம் கிட்ட நின்று பார்த்தால் உங்கள் வியாபாரம் எங்கே இருக்கிறது என்று விளங்கும். அது வீட்டுக்குள் வந்து பிடிக்கிற பூச்சி என்றுதான் சனம் நினைக்கிறது. தொடக்கம் வயலில். காய் முற்றும்போதே தாய் வண்டு வந்து முட்டை ஒட்டிவிட்டுப் போய்விடும். உழுந்தைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள், கறுத்தத் தோலில் ஊசி முனை அளவு வெள்ளைப் புள்ளி தெரியும். அதுதான் முட்டை. புழு அங்கிருந்தே நேரே பருப்புக்குள் துளைத்துப் போய், உள்ளே தின்று, நாலு கிழமை அளவில் வட்டமாக ஒரு ஓட்டை போட்டுக்கொண்டு வண்டாக வெளியே வரும். வந்த வண்டு தின்னாது. இரண்டு கிழமை மட்டில் உயிரோடு இருந்து, முட்டை போட்டுவிட்டுச் செத்துப்போகும். அடுத்த தலைமுறை, அதற்கடுத்தது. சித்திரையில் போத்தலுக்குள் ஒன்றிரண்டு வண்டு என்று கவலைப்படாமல் விட்டவர், ஆடிப்பிறப்புக்குக் கொழுக்கட்டை அவிக்கப் பயற்றை எடுத்தால் பாதிக்கு மேல் ஓட்டை. கையை உள்ளே விட்டால் இளஞ்சூடாக இருக்கும், நகத்துக்குள் மா ஏறும். உளுத்துப்போச்சு என்று முற்றத்துக் கோழிக்குக் கொட்டுவார்கள். கொழுக்கட்டைக்குக் கடையில் வேறு பயறு வாங்கலாம். விதை போனால் ஐப்பசியில் என்ன விலை சொன்னாலும் வாங்கித்தான் ஆக வேண்டும்.

உங்கள் விலையை வைத்தே ஒரு கணக்குப் பார்ப்போம். உழுந்து விதை கிலோ 1,000 ரூபா, நெல் கிலோ 100 ரூபா என்று வைத்துக்கொள்ளுங்கள். இது கணக்குக்காகச் சொல்கிற விலை, சந்தை விலையை நீங்கள் போட்டுப் பாருங்கள். 10,000 ரூபா பெறுமதியான உழுந்து 10 கிலோ. அதற்குத் தூள் 10 கிராம், செலவு 30 ரூபா. 10,000 ரூபா பெறுமதியான நெல் 100 கிலோ. அதற்குத் தூள் 100 கிராம், செலவு 300 ரூபா. ஒரே பெறுமதியான சாமானைக் காக்க நெல்லுக்குப் பத்து மடங்கு செலவு. அதோடு நெல்லுக்கு உமி என்ற சட்டை இருக்கிறது. உமி வெடிக்காத நெல்லில் அரிசி வண்டு இலேசாக ஏறாது, அந்துவும் நெல் துளைப்பானும்தான் தொந்தரவு. 300 ரூபா கொடுத்து மூட்டையைக் காப்பதைவிட, முந்தியே விற்றுவிடலாம் என்று கமக்காரர் நினைத்தால் அவர் கணக்குப் பிழை என்று நான் சொல்ல மாட்டேன்.

நெல்லிலும் ஒரு சின்ன இடம் உண்டு. மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள் மாதிரியான பழைய இனங்களைத் தங்கள் சாப்பாட்டுக்கும் விதைக்கும் என்று வைத்திருக்கிற வீடுகள். இப்போது நெல் போட்டு வைக்கிற கோற்காலி உள்ள வீடு அருமை. எல்லாம் உரப்பையில் கட்டி அறை மூலையில் அடுக்கின நெல். இவர்களிடம் இரண்டாம் வருடம் போகலாம், அதுவும் விதை நெல்லுக்கு. குத்தின அரிசிக்கும் மாவுக்கும் போகவே வேண்டாம். ஒடியலுக்கு, அதாவது காயவைத்த பனங்கிழங்குக்குப் பாவிக்கலாமா என்று கட்டாயம் கேட்பார்கள், ஏனென்றால் ஒடியல் உளுத்துப்போவது இங்கே பெரிய தலையிடி. கூடாது என்று சொல்லுங்கள். ஒடியலைக் கழுவாமல் நேரே இடித்து மாவாக்குகிறவர்கள் உண்டு, தூள் முழுக்கக் கூழுக்குள் போகும். அது வெளிநாட்டுக்குப் பார்சல் போகிற சாமானும்கூட. அங்கே யாராவது கேள்வி கேட்டால் உங்கள் பெயர் ஒரு நாளில் கெட்டுவிடும்.

உங்கள் திட்டத்தில் போட்டியாளர் என்று வேறு கொம்பனிகளின் பெயர்களை எழுதியிருந்தீர்கள். உண்மையான போட்டி அவையில்லை. வேப்பமிலை, நொச்சி இலை, அடுப்புச் சாம்பல், பங்குனி வெயில் இவை நாலும்தான் உங்களுக்குப் போட்டி. நாலுக்கும் காசு தேவையில்லை, நாலும் அம்மம்மா சொல்லித் தந்தது. இவற்றைப் பழசு என்று இளக்காரமாகப் பேசினால் உங்களைப் படலையோடு அனுப்பிவிடுவார்கள். சாம்பல் செய்கிற வேலையும் உங்கள் தூள் செய்கிற வேலையும் கிட்டத்தட்ட ஒன்று என்றே கதையைத் தொடங்குங்கள். "அம்மா, நீங்கள் சாம்பல் நிறையப் போடுறீங்கள், பிறகு புடைச்சுக் களைக்கிறீங்கள். இது கிலோவுக்கு ஒரு கிராம் போதும்." இதை நான் சாவகச்சேரிப் பக்கம் ஒரு மாதர் சங்கக் கூட்டத்தில் சொல்லிப் பார்த்தேன். அதற்கு முந்தின அரை மணித்தியாலம் சிலிக்கா, மெழுகு என்று நான் சொன்ன எதுவும் அங்கே எடுபடவில்லை.

மாதர் சங்கம் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. வயலுக்கு மருந்து வாங்குகிறவர் ஆம்பிளை, உரக்கடைக்கு வருகிறவரும் அவர்தான். விதையைக் காயவைத்து, புடைத்து, போத்தலில் போட்டு மூடி, இடையிடையே திறந்து பார்க்கிறவர் வீட்டுக்கார அம்மா. உரக்கடைச் சுவரில் சுவரொட்டி ஒட்டினால் அவர் கண்ணில் படாது. சங்கக் கடையிலும் கமக்காரர் அமைப்புக் கூட்டத்திலும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்திலும் படும். விவசாயப் போதனாசிரியரை முதலில் போய்ச் சந்தியுங்கள். அவர் ஒரு வார்த்தை சொன்னால் அது நீங்கள் சொல்கிற பத்துக்குச் சமம். ஆனால் அவரை உங்கள் விற்பனையாளர் ஆக்கப் பார்க்காதீர்கள், கமிசன் கதையே எடுக்காதீர்கள். அவர் விலகிவிடுவார், விலகுவதும் சரி.

சரி, நம்பவைப்பது எப்படி? இரண்டு வெள்ளைப் போத்தல் எடுங்கள். நெக்டோ சோடாப் போத்தல் என்றாலும் பரவாயில்லை, உள்ளே தெரிய வேண்டும், காய்ந்திருக்க வேண்டும். இரண்டிலும் கால் கிலோ உழுந்து. ஒன்றில் கால் கிராம் தூள் போட்டுக் குலுக்குங்கள். இரண்டிலும் உயிரோடு பத்து வண்டு விடுங்கள். வாயில் துணி கட்டி, திகதி எழுதி, கடை மேசையில் வையுங்கள். முதல் இரண்டு நாள் உங்களுக்கு வெட்கமாக இருக்கும், ஏனென்றால் இரண்டு போத்தலிலும் வண்டு ஓடும். "என்ன தம்பி, உம்மட மருந்துக்கு வண்டு டான்ஸ் ஆடுது" என்று யாராவது சொல்வார். சொல்லட்டும். மூன்று நாளுக்குப் பிறகு பாருங்கள் என்று முந்தியே சொல்லி வையுங்கள். ஒரு கிழமையில் ஒரு போத்தலில் நடமாட்டம் குறையும். நாற்பது நாளில் மற்றப் போத்தலின் அடியில் மா படிந்து, கண்ணாடியில் வண்டு ஏறி ஏறி விழுவது தெரியும். கடைக்கு யூரியாவுக்கு வந்தவரும் நின்று பார்த்துவிட்டுத்தான் போவார். பிறகு இரண்டு போத்தலிலும் நூறு நூறு விதை எண்ணி எடுத்து, ஈரச் சாக்கில் சுற்றி முளைக்கப் போடுங்கள். எத்தனை முளைத்தது என்று அவர்களையே எண்ணச் சொல்லுங்கள். விற்கிறவர் எண்ணின கணக்கை இங்கே ஒருவரும் நம்பமாட்டார்.

ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. முட்டையோடும் புழுவோடும் வருகிற விதையில் தூளைப் போட்டால், உள்ளே இருக்கிறது எப்படியும் ஓட்டை போட்டுக்கொண்டுதான் வெளியே வரும். வந்த பிறகுதான் தூள் பிடிக்கும். அதனால் தூளுக்கு முதல் வெயில். கறுத்தப் படங்கில் விதையை மெல்லிதாகப் பரப்பி, மேலே உள்ளே தெரிகிற பொலித்தீன் விரித்து, ஓரத்துக்குக் கல் வைத்தால் உள்ளே சூடு ஏறும். 57 பாகை வரை ஏறி ஒரு மணித்தியாலம் நின்றால் உள்ளே இருக்கிற புழுவும் சாகும். பிறகு நன்றாக ஆறவிட்டுத் தூள் கலந்து, மூடி வைக்க வேண்டும். காய்ந்ததா என்று பார்க்க இயந்திரம் வேண்டாம். போத்தலில் கொஞ்சம் காய்ந்த உப்பும் விதையும் போட்டுக் குலுக்கிச் சில நிமிடம் விடுங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் இன்னும் வெயில் வேண்டும். இந்த மூன்று வேலையையும் படம் போட்டுப் பக்கெற்றின் பின்பக்கத்தில் அச்சடியுங்கள். இதைச் செய்யாமல் தூளை மட்டும் போட்டு ஏமாந்தவர் தன்னைக் குறை சொல்லமாட்டார், உங்களைத்தான் சொல்வார்.

இந்தக் காலக்கணக்கு உங்களுக்குச் சாதகமானது. எங்களுக்கு மழை முக்கியமாக ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. மாசி தொடக்கம் புரட்டாதி வரை வெயிலும் காற்றும். கடல் சூழ்ந்த இடம் என்றபடியால் காற்றில் ஈரம் எப்போதும் இருக்கும், ஆனாலும் காயவைத்து மூடின தானியம் அந்த மாதங்களில் காய்ந்தபடியே நிற்கும். தூள் நன்றாக வேலை செய்கிற காலமும் விதை வீட்டில் இருக்கிற காலமும் ஒன்றாக விழுகிறது. இதே தூளை மழை அதிகமான மலைநாட்டுப் பக்கம் விற்கச் சொன்னால் நான் இவ்வளவு துணிந்து எழுதமாட்டேன். ஆக, சரக்கு மாசி முடிவுக்குள் கடையில் இருக்க வேண்டும். ஆனியில் கொண்டுவந்து இறக்கினால் வண்டு உங்களை முந்திவிடும். தை, மாசியில் முற்றவெளியில் நடக்கிற வர்த்தகக் கண்காட்சியில் கடை போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். போடலாம், காசு மிச்சமிருந்தால். அங்கே வருகிற சனம் ஐஸ்கிறீம் குடிக்கவும் தளபாடம் பார்க்கவும் வருகிறது. அந்தக் காசுக்கு இருநூறு போத்தல் வாங்கி இருநூறு ஊரில் வையுங்கள்.

இனிச் சட்டம். 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ், பூச்சியைக் கொல்லும் என்று சொல்லி விற்கிற எதையும் பேராதனை, கெட்டம்பேயில் இருக்கிற பீடைகொல்லிப் பதிவாளரிடம் பதிந்துதான் விற்கலாம். "இது மண்தானே, நஞ்சில்லையே" என்ற வாதம் அங்கே எடுபடாது. லேபல் மூன்று மொழியிலும் வேண்டும். தமிழை யாரிடமாவது கொடுத்து மொழிபெயர்த்துவிட்டு அப்படியே அச்சடிக்காமல், ஒரு கமக்காரரிடம் வாசிக்கக் கொடுத்து, என்ன விளங்கியது என்று திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். இறக்குமதி செய்யுமுன் ஒன்றைப் பாருங்கள்: சுட்டுப் பதப்படுத்தின டயட்டம் மண் நீச்சல் குள வடிகட்டிக்கு வருவது, அதில் பளிங்குச் சிலிக்கா அதிகம், நெஞ்சுக்குக் கூடாது. உங்களுக்கு வேண்டியது சுடாத வகை. அதையும் கலக்கும்போது வாய்க்கும் மூக்கிற்கும் துணி கட்டச் சொல்ல வேண்டும். பரிசோதனைத் தரவுக்குக் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கிற யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடத்தையோ, அனுராதபுரத்தில் இருக்கிற தேசிய அறுவடைக்குப் பின்னான முகாமைத்துவ நிறுவகத்தையோ அணுகுங்கள். உள்ளூர் உழுந்தில், உள்ளூர் வண்டில் செய்த ஒரு பரிசோதனை வெளிநாட்டுத் தாள் பத்தைவிடப் பெறுமதி.

பக்கெற் விஷயத்தில் என் பழைய அனுபவம் ஒன்று. முன்னொரு காலம் ஒரு கொம்பனி வேறொரு தானியத் தூளுக்கு மாதிரிப் பக்கெற் கொடுத்தது. அது உண்மையிலேயே நஞ்சு. வெள்ளைத் தூள், வெள்ளைப் பொலித்தீன், ஒரு சின்ன ஸ்ரிக்கர். ஸ்ரிக்கர் கழன்றுவிடும். நானும் யோசிக்காமல் ஐம்பது, அறுபது கொடுத்திருப்பேன். இரண்டு கிழமை கழித்து ஒரு வீட்டுக்குப் போனபோது அது குசினித் தட்டில், கோதுமை மாப் பேணிக்குப் பக்கத்தில் இருந்தது. அந்த அம்மா அப்பச்சோடா என்று நினைத்து வைத்திருக்கிறார். நல்ல காலம், பாவிக்கவில்லை. அன்று பின்னேரமே கொடுத்த வீடெல்லாம் சைக்கிளில் அலைந்து திருப்பி வாங்கினேன். உங்கள் தூள் நஞ்சில்லை என்றாலும் மாவைப் போலத்தான் இருக்கும். நிறம் சேர்க்கப் பதிவாளர் விட்டால் சேருங்கள், விடாவிட்டால் பக்கெற்றாவது மாப் பக்கெற் மாதிரி இருக்கக் கூடாது. ஒரு கிராம் அளக்கிற சின்னக் கரண்டி உள்ளே போடுங்கள், இல்லாவிட்டால் கையால் அள்ளிப் போடுவார்கள்.

"இயற்கை" என்ற சொல்லைப் பெரிதாகப் போடப் போகிறீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். 2021 மே மாதம் இரசாயன உரமும் மருந்தும் இறக்குமதித் தடைக்குள் போய், அந்த நவம்பரில் தடை தளர்ந்தது வரை கமக்காரர் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். அந்தக் காலத்தில் இயற்கை என்ற பெயரில் விற்காத சாமானில்லை. அந்தச் சொல்லைக் கேட்டாலே சிலருக்குக் கோபம் வரும். முன்பக்கத்தில் "உழுந்து, பயறு, கௌபி விதைக்கு" என்று போடுங்கள். அது போதும்.

காற்றுப் புகாத உட்பை பற்றியும் கேட்டிருந்தீர்கள். நன்றாகக் காய்ந்த விதையை அதில் இறுக்கிக் கட்டினால் வண்டு தானே மூச்சுமுட்டிச் சாகும், உங்கள் தூளே தேவைப்படாது. அதனால் பயந்துகொண்டு அதை மறைக்க வேண்டாம். ஐம்பது கிலோவுக்கு மேல் விதை வைத்திருக்கிறவருக்குப் பை, பத்துக் கிலோக்காரருக்குத் தூள் என்று இரண்டையும் ஒரே கடையில் நீங்களே விற்கலாம். பையை எலி வெட்டினால் அதோடு சரி, அப்போது தூள் கைகொடுக்கும்.

கடைக்காரருக்குக் கொடுக்கிற விதம் பற்றி ஒரு வரி: முதல் போகம் கடனுக்கு வையுங்கள், விற்காததை ஐப்பசியில் திருப்பி எடுப்பேன் என்று எழுதிக் கொடுங்கள். கழிவு கூடக் கொடுத்து அவர் தலையில் நூறு பக்கெற் கட்டினால், அவர் அதை நெல்லுக்கும் அரிசிக்கும் மிளகாய்க்கும் நல்லது என்று தள்ளிவிடப் பார்ப்பார். கெட்ட பெயர் அங்கிருந்துதான் தொடங்கும்.

கடைசியாகப் பெயர். 'கிறெயின் ஷீல்ட்' என்று வைத்திருக்கிறீர்கள். பதிவுக்கு அது இருக்கட்டும். கடைக்கு வருகிறவர் "அந்த உழுந்துத் தூள் இருக்கோ?" என்றுதான் கேட்பார். அந்தப் பெயரைத் தமிழில் பெரிதாகவும் மற்றதைச் சின்னதாகவும் போட்டு எனக்கு ஒரு மாதிரிப் படம் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.